பத்துப் பேர் போதும்

என் வாழ்நாளின் ஆகச் சிறந்த கண்டுபிடிப்பை ஜூரோங் போகிற கம்பெனி பஸ்ஸில், உட்கார இடமில்லாமல், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு செய்தேன். அதை வேறு யாரோ எனக்கு முன்பே கண்டுபிடித்து, நான் மறு கையில் வைத்திருந்த தடித்த ஆங்கிலக் கையேட்டில் அச்சடித்தும் விட்டிருந்தார்கள் என்பது சின்ன விஷயம். எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான்; ஆகவே அது என்னுடையது. பாலிடெக்னிக் டிப்ளோமா வாங்கி ஒரு வருஷம்கூட ஆகாத ஒருத்தியிடம் இவ்வளவு அடக்கத்தை எதிர்பார்ப்பதே அதிகம்.

கப்பல் பழுதுபார்க்கிற ஒரு யார்டில், ஆட்களின் பதிவேட்டைப் பார்க்கும் ஆபீஸில் எனக்கு வேலை. அங்கே ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதற்குத் தனி அறை, தனி ஏர்கான், கண்ணாடிக் கதவு. உள்ளே வருகிறவர்கள் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வர வேண்டும். எங்கள் மாதா கோயிலிலேயே பீடத்துக்கு முன்னால்வரை செருப்போடு போகலாம். இந்தப் பெட்டிக்கு முன்னால் ஜெனரல் மேனேஜர்கூட ஓட்டைச் சாக்ஸோடு நிற்பார். அந்த அறைக்குள் நாள் முழுவதும் இருக்க உரிமை பெற்ற ஒரே ஆள் நான். தலைக்கனம் வராமல் என்ன செய்யும்.

கண்ணாடிக்கு வெளியே ஒரு மேசையும், அதன்மேல் அட்டைப் பெட்டிகளுமாக உட்கார்ந்திருந்தவரை எல்லோரும் பாய் என்று கூப்பிடுவார்கள். நாகூர்ப் பக்கத்துக் குடும்பம். மூன்று தலைமுறையாக இங்கேதான். யார்டில் யார் யார் எந்தெந்த வெல்டிங் பரீட்சை பாஸ் செய்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அவருடைய பெட்டிகளில் இருந்தது. ஒவ்வொரு சான்றிதழுக்கும் ஒரு பெட்டி, ஒவ்வொரு ஆளுக்கும் ஓர் அட்டை. அந்தப் பெட்டிகளிலேயே பெரிய மரியாதை சிக்ஸ்-ஜி என்கிற பெட்டிக்கு. சாய்வாக நிறுத்திவைத்த குழாயைத் திருப்பாமல், ஒட்டுகிறவன் தானே சுற்றிச் சுற்றி வந்து ஒட்ட வேண்டிய பரீட்சை அது. ஒட்டியதை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். யார்டில் நாற்பது பேரிடம் அது இருந்தது.

கப்பலின் பம்ப் அறையில் குழாய் வேலை வந்தால் சீனப் போர்மேன் போன் செய்வார்: பத்து சிக்ஸ்-ஜி. பத்துக்கு மேல் கேட்க மாட்டார். அந்த அறைக்குள் ஒரு நேரத்தில் பத்துப் பேருக்கு மேல் இறங்க அனுமதி கிடையாது. பாய் பெட்டியின் முன்பக்கத்திலிருந்து பத்து அட்டைகளை உருவி, நம்பர்களை வாசித்து, தேதியைக் குறித்து, அட்டைகளைப் பெட்டியின் பின்பக்கம் செருகிவிடுவார். மொத்தம் மூன்று நிமிடம். அதில் ஒரு நிமிடம் கோப்பிக்கு.

இருபதாம் நூற்றாண்டின் கடைசியில், சிங்கப்பூரில், ஒரு மனிதர் அட்டையை முன்னாலிருந்து எடுத்துப் பின்னால் வைத்துக்கொண்டிருப்பதைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. நாட்டுக்காகத்தான் வெட்கப்பட்டேன்.

எல்லா அட்டைகளையும் இரண்டு மாதம் உட்கார்ந்து டேட்டாபேஸில் ஏற்றினேன். ஆட்கள் மூவாயிரம், ஒருவருக்கே நாலைந்து சான்றிதழ் என்பதால் பதிவுகள் பல ஆயிரம். சீனப் புத்தாண்டு முடிந்து யார்டு திறந்ததும் பாயின் பெட்டிகளை ஸ்டோருக்கு அனுப்பச் சொன்னேன். மறுநாளே போர்மேன் பத்து சிக்ஸ்-ஜி கேட்டார். ஆளைக் கூப்பிட்டு ரொம்ப நாளானவர் முதலில் வரும்படி, பாயின் வழக்கப்படியே, வரிசை கேட்டு எழுதியிருந்தேன். பொத்தானைத் தட்டினேன்.

கம்ப்யூட்டர் யோசிக்க ஆரம்பித்தது. போன் மறுபடி அடித்தது. அப்புறம் போர்மேனே நேரில் வந்துவிட்டார்.

"சியாப் பெலும்?" என்றார் கண்ணாடிக்கு வெளியிலிருந்து. மலாயில், ஆயிற்றா இல்லையா என்று.

"பெலும்" என்றேன். இன்னும் இல்லை.

பன்னிரண்டு நிமிடம். அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில் போர்மேன் அதே கேள்வியை மூன்று தடவை கேட்டார், நான் அதே பதிலை மூன்று தடவை சொன்னேன், பாய் ஒரு முழுக் கோப்பியைக் குடித்து முடித்தார்.

தப்பு பத்து என்ற எண்ணில் இல்லை. பத்துப் போதும் என்று நான் சொல்லித்தான் இருந்தேன். ஆனால் ரொம்ப நாளானவர்களில் முதல் பத்துப் பேர் யார் என்று கடைசிப் பதிவைப் படிக்கிறவரை அதற்கு எப்படித் தெரியும்? தேக்கா மார்க்கெட்டுக்குப் போய், பெரிய மீனாகப் பத்து வேண்டும் என்று கேட்டால், கடைக்காரர் அங்கே இருக்கிற அத்தனை மீனையும் ஒவ்வொன்றாக நிறுத்து, பெரியதிலிருந்து சிறியதுவரை தரையில் அடுக்கி, முன்னால் கிடக்கும் பத்தை என் கூடையில் போட்டுவிட்டு, மீதியைத் திரும்பக் குவியலில் கொட்டுகிறார். அடுத்த வாடிக்கையாளர் வந்தால் மறுபடி முதலிலிருந்து. நான் எழுதிய புரோகிராம் அந்தக் கடைக்காரர்.

இதற்கு மருந்தைத்தான் பஸ்ஸில் படித்தேன். இன்டெக்ஸ் என்பது பதிவேட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கும் இன்னொரு சின்னப் பட்டியல். ஏதோ ஒரு வரிசைப்படி அது எப்போதும் அடுக்கியே இருக்கும். ஒவ்வொரு வரிக்கும் எதிரே, முழுப் பதிவு எங்கே கிடக்கிறது என்ற குறிப்பு இருக்கும். நமக்கு வேண்டிய வரிசையும் இன்டெக்ஸின் வரிசையும் ஒன்றாக இருந்துவிட்டால், தலையிலிருந்து பிடித்துக்கொண்டு நடக்கலாம். பத்தாவது ஆள் கிடைத்ததும் நின்றுவிடலாம். பதினோராவதைத் திரும்பிக்கூடப் பார்க்க வேண்டாம். மீன்காரர் காலையிலேயே அடுக்கி வைத்துவிட்டார். நீ முதல் பத்தை எடுத்துக்கொண்டு போய்க்கொண்டே இரு.

தேக்காவில் ஏறியவள் ஜூரோங்கில் இறங்கும்போது வேறு ஆளாக இருந்தேன்.

எந்த வரிசைக்கு இன்டெக்ஸ் போடுவது? கடைசியாகக் கூப்பிட்ட தேதி என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் கையேடு ஓர் எச்சரிக்கை கொடுத்திருந்தது: அடிக்கடி மாறுகிற தகவலுக்கு இன்டெக்ஸ் போட்டால், மாறும்போதெல்லாம் இன்டெக்ஸையும் திருத்தி எழுத வேண்டியிருக்கும். தேதியோ ஒவ்வொரு தடவை கூப்பிடும்போதும் மாறும். நான் கெட்டிக்காரி, எச்சரிக்கையைப் படிக்கிறவள். மாறவே மாறாத தகவல் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன்: தொழிலாளர் நம்பர். ஒருவர் வேலைக்குச் சேர்ந்த அன்று கொடுத்தது, ஓய்வு பெறுகிறவரை அதேதான். சான்றிதழ் ஒன்று என்றால் யார் போனால் என்ன? பத்துப் பேர் பத்துப் பேர்தானே.

நாலு செகண்ட். பழைய ஆட்களிடம்தான் சிக்ஸ்-ஜி அதிகம், அவர்களுக்குத்தான் சின்ன நம்பர். ஆகவே இன்டெக்ஸில் கொஞ்ச தூரம் நடப்பதற்குள் பத்துப் பேர் அகப்பட்டுவிட்டார்கள். போர்மேன் ரிசீவரைக் காதில் வைப்பதற்குள் நான் நம்பர்களைச் சொல்லிவிட்டேன். அவர் என்னை என்னமோ பாராட்டினார். அது ஹொக்கியன் சீனம், எனக்குப் புரியவில்லை, ஆனாலும் ஏற்றுக்கொண்டேன். பாயைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவர் கோப்பிக் கிளாஸைக் கழுவப் போயிருந்தார்.

ஒரே ஒரு தடவை அலுமினியம் ஒட்டுகிற ஆட்கள் பத்துப் பேர் கேட்டார்கள். யார்டிலேயே அப்படி ஏழு பேர்தான். கம்ப்யூட்டர் எட்டாவது ஆளைத் தேடி இன்டெக்ஸின் கடைசிவரை போனது. ஒவ்வொரு வரிக்கும் பதிவேட்டுக்கு ஒரு நடை போய்த் திரும்பியதில், பழைய பன்னிரண்டு நிமிடத்தையும் தாண்டிவிட்டது. பத்தோடு நிறுத்து என்பது பத்து இருந்தால்தான் நிற்கும். அலுமினியம் எல்லாம் அபூர்வம் என்று சொல்லி அதை அப்படியே மறந்துவிட்டேன். கண்டுபிடிப்பாளர்களுக்கு இதற்கெல்லாம் நேரம் கிடையாது.

இப்படி ஐந்து மாதம் போனது.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து, தேக்காவில் எங்கள் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அக்காவும் அத்தானும் ஜூரோங்கிலிருந்து வந்திருந்தார்கள். அத்தான் எங்கள் யார்டிலேயே வெல்டர். சிக்ஸ்-ஜி பரீட்சையில் இரண்டு தடவை எக்ஸ்ரேயில் விழுந்து, மூன்றாம் தடவை பாஸ் செய்தவர். அந்தத் தாளைச் சட்டம் போட்டு, அவர்கள் கலியாணப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார்கள். கலியாணப் படம் கொஞ்சம் கீழே இருந்தது.

அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

"ஏண்டி, யார்டுல குழாய் வேலையே வர்றதில்லையா?" என்றாள் அக்கா.

"வருதே. போன வாரம்கூட ரெண்டு தடவை."

"எனக்கு வரலையே லா" என்றார் அத்தான். "ஜனவரியில கூப்பிட்டாங்க. அதோட சரி. தினமும் தகடுதான் ஒட்டுறேன்."

"ஆறு மாசம் அந்த வேலை செய்யலைன்னா சர்ட்டிபிகேட் செத்துப் போயிருமாம்" என்றாள் அக்கா. "புக்குல போர்மேன் கையெழுத்து இருக்கணுமாம். இன்னும் பத்தொன்பது நாள். மறுபடி பரீட்சை எழுதுற தைரியம் இவருக்கு இருக்கோ இல்லையோ, பக்கத்துல இருந்து பார்க்கிற தைரியம் எனக்கில்ல."

நான் கேட்டிருக்கக் கூடாது. கேட்டேன். "உங்க நம்பர் என்ன அத்தான்?"

சொன்னார். இரண்டாயிரத்து எழுநூற்றுச் சொச்சம். வாயில் இருந்த மீன் அங்கேயே நின்றுவிட்டது.

"கம்ப்யூட்டரம்மா முகம் ஏன் இப்படிப் போகுது?" என்றார். "உன் பெட்டி ஆளை எப்படிக் கூப்பிடுது, சொல்லேன்."

"நம்பர் வரிசையில அத்தான். முதல் பத்துப் பேர்."

"சரி. அதுக்கு அடுத்த தடவை?"

"முதல் பத்துப் பேர்."

"அதே பத்தா?"

"ஆமா."

அத்தான் தட்டை நகர்த்தி வைத்தார். "அப்ப பதினோராவது ஆளு எப்பத்தான் வருவான்?"

"முதல் பத்துல யாராவது உடம்பு சரியில்லைன்னு எம்சி போட்டா."

அக்கா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதப் போவதில்லை. "உன்னைப் படிக்க வச்சதுக்கு" என்று ஆரம்பித்தாள். அம்மா ரசத்தை எடுத்து வந்து காப்பாற்றினாள்.

திங்கட்கிழமை காலை என் அறைக்குள் போகாமல், சப்பாத்தோடேயே நேராகப் பாயிடம் போய் நின்றேன்.

"பாய், அஞ்சு மாசமா அதே பத்துப் பேர் போறாங்க. நீங்க கவனிக்கலையா?"

"கவனிச்சேனே. நீங்க போன்ல வாசிச்சு வாசிச்சு எனக்கு மனப்பாடமே ஆயிடுச்சு" என்றார். பத்து நம்பரையும் கடகடவென்று ஒப்பித்தும் காட்டினார்.

"அப்ப ஏன் சொல்லல?"

"பெட்டியை ஸ்டோருக்கு அனுப்புங்கன்னீங்க, அனுப்பினேன். கவனிங்கன்னு சொல்லலையே."

புதிய இன்டெக்ஸ் போட மூன்று நாள் பிடித்தது. இந்தத் தடவை இரண்டு தகவலைச் சேர்த்துக் கட்டினேன்: முதலில் சான்றிதழ், அதற்குள் கடைசியாக அந்த வேலை செய்த தேதி. சிக்ஸ்-ஜி என்றால் நேராக இன்டெக்ஸில் சிக்ஸ்-ஜி தொடங்குகிற இடத்துக்குப் போகும். அங்கே ரொம்ப நாள் காத்திருப்பவர் முன்னால் நிற்பார். பத்து எண்ணி நிறுத்தும். அலுமினியம் கேட்டால் ஏழு பேரோடு அந்தப் பகுதியே முடிந்துவிடும், மேலே தேட ஒன்றுமிருக்காது. ஆளைக் கூப்பிட்டதும் தேதி மாறும், இன்டெக்ஸில் அவர் தன் பகுதியின் வாலுக்குப் போவார். கையேடு பயமுறுத்திய அந்தத் திருத்தி எழுதும் வேலைக்கு ஆளுக்கு ஒரு செகண்ட்கூட ஆகவில்லை. ஐந்து மாதம் ஒரு செகண்டை மிச்சம் பிடித்திருக்கிறேன்.

நான் கட்டி முடித்தது என்ன என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்குத் தெரிய இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது. சான்றிதழுக்கு ஒரு பெட்டி, முன்னாலிருந்து எடு, பின்னால் வை. ஏர்கான் அறைக்குள், பாஸ்வேர்டோடு.

புதிய வரிசையைத் திரையில் பார்த்தேன். தலையில் இருந்த இருவருக்கும் டிசம்பர் தேதி. அவர்கள் தாள் போன மாதமே செத்திருந்தது. அந்தப் பன்னிரண்டு நிமிடப் பத்துப் பேருக்கு அடுத்து நின்றவர்கள் அவர்கள்தான்; அடுத்த போன் வந்தால் போயிருக்க வேண்டியவர்கள். அவர்களை எடுத்துவிட்டால், உயிரோடிருக்கிற சான்றிதழ்களில் மூன்றாவதாக என் அத்தான்.

வியாழக்கிழமை போர்மேன் பத்துப் பேர் கேட்டார். புதிய பத்தை வாசித்தேன். சாப்பாட்டு நேரத்துக்குள் யார்டு முழுக்கச் செய்தி பரவிவிட்டது: கம்ப்யூட்டர் பொண்ணு அவ அத்தானை ஏத்திவிட்டுட்டா. போர்மேன் நேரில் வந்து, வம்பு வேண்டாம், விசாரித்துவிட்டுப் பார்க்கலாம் என்று சொல்லி, பழைய பத்துப் பேரையே கூட்டிக்கொண்டு போனார். அந்தப் பத்து நம்பர் அவருக்கும் மனப்பாடம்.

நான் தப்பாகச் செய்த ஐந்து மாதமும் என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. சரியாகச் செய்த முதல் நாள் விசாரணை.

பழைய பத்தில் முதல் ஆளாக இருந்த பெரியவர், ரெண்டு இலக்க நம்பர்க்காரர், மறுநாள் என் அறை ஜன்னலுக்கு வந்தார். "முந்தாநாள் வரைக்கும் நான்தான் ஃபர்ஸ்ட். நேத்து லிஸ்ட்லயே இல்ல. ஒரே நாள்ல எனக்கு ஒட்ட மறந்துபோச்சாம்மா?"

"அப்படி இல்லண்ணே. வரிசை மாறியிருக்கு."

"வரிசை மாறியிருக்கு. அதுல உங்க அத்தான் மூணாவது."

அவரிடம் இன்டெக்ஸ் என்றால் என்ன என்று விளக்க ஆரம்பித்தேன். பாதியிலேயே போய்விட்டார். அவரிடத்தில் நான் இருந்தாலும் போயிருப்பேன்.

அன்று பிற்பகல் பத்தோடு நிறுத்து என்ற வரியை எடுத்துவிட்டு, சிக்ஸ்-ஜி நாற்பது பேரையும் அச்சடித்தேன். நம்பர், கடைசியாகச் செய்த தேதி, சாகிற தேதி. ஓரத்தில் ஓட்டை போட்ட நீளக் காகிதம். பாயிடம் பசை கேட்டேன். காரணம் கேட்காமல் கொடுத்தார். கேன்டீன் பலகையில் ஒட்டினேன்.

சனிக்கிழமை அரை நாள் வேலை. கேன்டீனில் கோப்பி வாங்குகிறவர்களைவிடப் பலகைக்கு முன்னால் நிற்கிறவர்கள் அதிகம். ஒவ்வொருவரும் தங்கள் புக்கைக் கொண்டுவந்து தேதியை வைத்துப் பார்த்தார்கள். இரண்டு தேதி நான் தப்பாகத் தட்டியிருந்தேன். ஒருவர் பென்சிலால் அடித்துத் திருத்தி, பக்கத்தில் கையெழுத்தும் போட்டிருந்தார், மாஜிஸ்ட்ரேட் மாதிரி. பெரியவர் விரலை மேலிருந்து கீழே ஓட்டினார். தன் நம்பர் கடைசிப் பத்துக்குள் இருந்தது. தேதி, முந்தாநாள். விரலை மறுபடி மேலே கொண்டுபோய் என் அத்தான் வரியில் வைத்தார்.

"ஜனவரியா?"

பக்கத்தில் நின்றிருந்த அத்தான் தலையாட்டினார்.

"சொல்லக் கூடாதா லா" என்றார் பெரியவர். "அஞ்சு மாசமா அந்தப் பம்ப் ரூம்ல இட்லி மாதிரி வெந்துக்கிட்டிருக்கேன். வேற யாருக்கும் வராதுன்னு நெனச்சேன்."

போர்மேனிடம் அவரே போய்ப் பேசினாராம். என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. அடுத்த குழாய் வேலை ஒன்பது நாள் கழித்துத்தான் வந்தது. அந்த ஒன்பது நாளும் அக்கா தினமும் போன் செய்தாள். வணக்கம்கூடச் சொல்லாமல், "வந்துச்சா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுவாள். வந்தபோது அத்தானுக்கு மிச்சம் இருந்தது நாலு நாள். அவரோடு ஒன்பது பேர் பம்ப் அறைக்குள் இறங்கினார்கள்.

தாள் செத்த இருவரும் ஆகஸ்டில் மறுபடி பரீட்சைக்குப் போனார்கள். ஒருவர் பாஸ். மற்றவருடைய எக்ஸ்ரேயில் குண்டூசி முனை அளவுக்கு ஒரு புள்ளி விழுந்தது. அவர் இன்னும் தகடுதான் ஒட்டுகிறார். அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லம்மா, நாலு செகண்ட்ல வருதாமே" என்றார். அவர் கேலி செய்கிறாரா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அத்தான் பம்ப் அறையிலிருந்து ஏறிய சாயங்காலம் நேராக என் ஜன்னலுக்கு வந்தார். முகமெல்லாம் கரி, கண்ணைச் சுற்றி மட்டும் வெள்ளை. புக்கை விரித்துக் காட்டினார். போர்மேன் கையெழுத்து, அன்றைய தேதி, மை இன்னும் முழுசாகக் காயவில்லை.

"அக்காவுக்குப் போன் பண்ணிட்டீங்களா?"

"இனிமேதான். முதல்ல இதச் சொல்லு. அடுத்தது எனக்கு எப்போ வரும்?"

தட்டிப் பார்த்தேன். உயிரோடு இருப்பவர்கள் முப்பத்தெட்டு. அன்றைக்குப் போன பத்துப் பேருக்கும் ஒரே தேதி, அவர்களுக்குள் பெரிய நம்பர் இவருக்கு.

"முப்பத்தெட்டாவது, அத்தான்."

"மொத்தம் எத்தனை?"

"முப்பத்தெட்டு."

புக்கை மூடிச் சட்டைப் பைக்குள் வைத்தார். "நல்லது" என்றார். "போய்க் குளிக்கிறேன்."